இன்டேக் மேனிஃபோல்டு மாற்றலாமா? காசு எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சத்துவாச்சாரியில் பட்டறை வைத்திருக்கிறேன். காட்பாடி பக்கத்து காலேஜ் பிள்ளைகள் பழைய ஹோண்டா சிட்டி விடெக்கை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து தோல் வியாபாரக் குடும்பத்துத் தம்பிகள் ஜெர்மன் கார்களோடு வருவார்கள். வண்டி எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, இன்டேக் மேனிஃபோல்டு மாத்தினா எவ்ளோ எச்.பி. ஏறும்?"

பெரும்பாலான வண்டிகளில் அது முதலில் கை வைக்க வேண்டிய பாகமே இல்லை. சில வண்டிகளில் உண்மையிலேயே பலன் உண்டு. உங்கள் வண்டி எந்த வகை என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் எழுதுகிறேன். ஒரு ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் சென்சார் எண்களைப் படித்துக் காட்டும் கருவி), ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது திறக்கும் திராட்டில் பாடி வழியாக வரும் காற்று முதலில் பிளீனம் என்ற அறைக்குள் விழுகிறது. அங்கிருந்து சிலிண்டருக்கு ஒன்றாகக் குழாய்கள் பிரிகின்றன. அவற்றை ரன்னர் என்கிறோம். குழாய் பெரிதாக இருந்தால் காற்று நிறையப் போகும், பவர் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். டர்போ இல்லாத எஞ்சினில் குழாயின் அகலத்தைப் போலவே நீளமும் முக்கியம்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது வால்வு வாசலில் காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு ஓர் அலையாக ரன்னர் வழியே மேலேறி, பிளீனத்தைத் தொட்டதும் அழுத்தம் கூடிய அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன்னால் அது வந்து சேர்ந்தால் கூடுதல் காற்றை உள்ளே தள்ளிவிடும். அந்த அலை ஒலியின் வேகத்தில் போகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ரன்னர் நீளமாக இருந்தால் போய்வர நேரம் ஆகும், ஆகவே குறைந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குக் குறைவாகச் சுற்றும்போது, பொருந்தும். குட்டையாக இருந்தால் சீக்கிரம் திரும்பிவிடும், மேல் ஆர்பிஎம்மில் பொருந்தும். கணக்கு எளிது. வால்விலிருந்து பிளீனம் வரை 45 செ.மீ. உள்ள ரன்னர் 4,000 ஆர்பிஎம்மில் தரும் உதவியை, 30 செ.மீ. ரன்னர் 6,000-இல் தரும். நீளத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால், இழுவை வரும் இடம் ஒன்றரை மடங்கு மேலே போய்விடும்.

கடையில் விற்கும் 'பெர்ஃபார்மன்ஸ்' மேனிஃபோல்டுகளில் பெரும்பாலானவை குட்டை ரன்னர், பெரிய பிளீனம் வகைதான். பவரை அளக்கும் டைனோ மெஷின் தரும் தாளில் உச்சியில் பவர் கூடும். கீழே, நாம் தினமும் ஓட்டும் இடத்தில், குறையும். விளம்பரத்தில் உச்சி எண்ணை மட்டும்தான் பெரிதாகப் போடுவார்கள்.

ஏலகிரி மலைப்பாதையில் ஓட்டிப் பாருங்கள், இது உடம்பிலேயே தெரியும். பொன்னேரி அடிவாரத்திலிருந்து மேலே போகும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி இரண்டாவது கியரில் 2,000-க்கும் 4,500-க்கும் நடுவில்தான் ஓடும். வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது உடனே பிடித்து இழுக்க வேண்டும். குட்டை ரன்னர் போட்ட வண்டி அங்கே ஒரு கணம் யோசிக்கும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அதே வண்டியை 5,500-க்குக் கீழே விடாமல் ஓட்டினால் ஆள் மாறிவிடும். ஆகவே மேனிஃபோல்டு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தம் இல்லை. எந்த ரோட்டில், எந்த ஆர்பிஎம்மில் ஓட்டுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கம்பெனிக்காரர்களே இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஃபோர்டு 2012-இல் மஸ்டாங் பாஸ் 302-க்குக் குட்டை ரன்னர் மேனிஃபோல்டு கொடுத்தது. சாதாரண ஜிடி 412 குதிரைத்திறன், பாஸ் 444. ஆனால் மேனிஃபோல்டோடு வால்வைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை மாற்றினார்கள், வால்வுகள் உட்காரும் சிலிண்டர் ஹெட்டை சிஎன்சி மெஷினில் குடைந்தார்கள், எஞ்சின் சுற்றக்கூடிய மேல் வரம்பான ரெட்லைனை 7,500-க்கு ஏற்றினார்கள். எல்லாம் சேர்ந்துதான் அந்த 32. பிற்பாடு அந்த மேனிஃபோல்டை மட்டும் வாங்கிச் சாதாரண ஜிடியில் போட்டவர்களுக்கு மேலே கொஞ்சம் கிடைத்தது, கீழே கொஞ்சம் போனது.

இன்னொரு பக்கம், நம் ஊரில் 2006 முதல் 2013 வரை விற்ற ஹோண்டா சிவிக் 1.8. அதன் ஒரிஜினல் பிளாஸ்டிக் மேனிஃபோல்டுக்குள்ளேயே ஒரு வால்வு இருக்கிறது. கீழ் ஆர்பிஎம்மில் காற்றை நீளமான வழியில் அனுப்பும், மேலே போனதும் குட்டை வழியைத் திறந்துவிடும். இதைக் கழற்றிவிட்டு ஒரே நீளமுள்ள அலுமினியம் மேனிஃபோல்டு போடச் சொல்லி யாராவது வந்தால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை. ஏற்கெனவே நீளத்தை மாற்றும் ஏற்பாடு உள்ள எந்த எஞ்சினுக்கும் என் பதில் இதுதான்.

டர்போ வண்டி வேறு கதை. டர்போ காற்றை அழுத்தித் தள்ளுவதால் அலைக்கணக்கின் பங்கு சிறியதாகிவிடுகிறது. இழுவை வேண்டுமென்றால் பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்), இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது), ரிமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது) என்ற வழியில் குறைந்த செலவில் அதிகம் கிடைக்கும். அதோடு இன்றைய பல டர்போ வண்டிகளில் மேனிஃபோல்டு வெறும் குழாய் இல்லை. பிஎம்டபிள்யூ எம்340ஐ-யில் உள்ள பி58 எஞ்சினிலும், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா 1.0 டிஎஸ்ஐ எஞ்சினிலும் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் மேனிஃபோல்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றினால் இன்டர்கூலரையும் கழற்றுகிறீர்கள், கூலன்ட் லைனையும் கழற்றுகிறீர்கள். பெரிய டர்போ போட்டு, ஒரிஜினலை விட இருநூறு முந்நூறு எச்.பி. கூட்டும் வேலையில்தான் அதற்கு நியாயம் உண்டு. அப்போதும் முக்கியக் காரணம் எல்லாச் சிலிண்டருக்கும் காற்று சமமாகப் போக வேண்டும் என்பது. ஒரு சிலிண்டருக்கு மட்டும் காற்று அதிகமாகப் போய் அங்கே பெட்ரோல் போதாமல் போனால் அந்தப் பிஸ்டன்தான் முதலில் உடையும்.

இப்போது வேலூர் வெயிலைப் பற்றிப் பேசியாக வேண்டும். வெளிநாட்டில் எழுதிய டியூனிங் ஆலோசனைகளில் இதற்கு இடமே இருக்காது.

காற்று சூடாகும்போது அடர்த்தி குறைகிறது. நம் வெப்பநிலையில் ஏறத்தாழ 3 டிகிரி ஏறினால் 1 சதவீதம் போகும். 25 டிகிரியில் எடுத்த டைனோ எண், கத்திரி வெயிலில் 42 டிகிரி அடிக்கும்போது காற்றுக்கணக்கிலேயே 5 சதவீதம் இறங்கிவிடும். ஒரிஜினல் மேனிஃபோல்டை நைலான் பிளாஸ்டிக்கில் செய்வதற்குச் செலவும் எடையும் காரணம்தான். கூடவே அது எஞ்சின் சூட்டைச் சுலபத்தில் வாங்காது, உள்பக்கமும் வழவழப்பாக வரும். அலுமினிய மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டி நின்று தோசைக்கல் மாதிரி சூடேறும். கிரீன் சர்க்கிளில் சிக்னலுக்கு நின்று, அப்புறம் காட்பாடி மேம்பாலத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு ஸ்கேனரில் இன்டேக் ஏர் டெம்பரேச்சரைப் பாருங்கள். வெளியே 40 இருக்கும்போது அலுமினியம் போட்ட வண்டிகளில் 60-ஐத் தாண்டி நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த 20 டிகிரிக்கு இன்னொரு 6 சதவீதம். அதற்கு மேல், காற்று சூடானால் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது) பயத்தில் ஈசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுத்துவிடும். ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போட்டு ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் அதிகம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பவர் இப்படியே கரைந்துபோகிறது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஓடும்போது காற்று ரன்னரில் தங்கும் நேரம் மிகக் குறைவு, அதனால் அப்போது அலுமினியத்தின் சூடு அவ்வளவாக ஏறாது. டிராக் வண்டிக்கு இது பெரிய குறையில்லை. ஊருக்குள் ஓட்டும் வண்டிக்குத்தான் தொல்லை. ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஃபீனாலிக் ஸ்பேசர் (சூட்டைச் சுலபத்தில் கடத்தாத தகடு) போட்டால் சூடு ஏறுவது குறையும். அலுமினியம் போட்டே தீருவேன் என்பவர்கள் அதையும் சேர்த்தே வாங்குங்கள், பானட் இடிக்கிறதா என்று முதலில் அளந்துவிட்டு. ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் அந்த டெம்பரேச்சர் சென்சார் ஏர் ஃபில்டர் பக்கம், ஏர்ஃப்ளோ சென்சாரோடு இருக்கும். அது காட்டும் எண்ணில் மேனிஃபோல்டின் சூடு தெரியாது. சென்சார் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணை நம்புங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். டர்போ இல்லாத வண்டியில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் மேப், அதாவது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் வெளிக்காற்றின் அழுத்தம். வேலூரில் 98 கிலோபாஸ்கல் அளவில் காட்டும். ஏலகிரி உச்சியில் 89-க்குப் பக்கம் வரும். அப்புறம் நெரிசல் இல்லாத நேரத்தில் இரண்டாவது கியரில், வேக வரம்புக்குள் முடியும்படி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ரெட்லைன் பக்கம் வரை கொண்டுபோய் அதே எண்ணைப் பதிவு செய்யுங்கள். ஸ்கேனரைப் பார்க்கக் கூட ஒரு ஆள் வேண்டும், ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. மேலே போகும்போதும் அழுத்தம் முதல் எண்ணுக்கு ஒன்றிரண்டு கிலோபாஸ்கலுக்குள் நின்றால் ஃபில்டர், குழாய், திராட்டில் பாடி எதுவும் மூச்சை அடைக்கவில்லை. ஐந்து ஆறு குறைந்தால் அடைப்பு மேனிஃபோல்டுக்கு முன்னாலேயே இருக்கிறது. ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் தினமும் ஓடும் வண்டிகளின் ஃபில்டர் நிலைமை எனக்குத் தெரியும். ஒரு ஃபில்டர் செலவில் தீரும் வேலைக்கு யாரும் மேனிஃபோல்டு வாங்க வேண்டாம்.

அடுத்து ஃப்யூல் ட்ரிம், அதாவது ஈசியு தன் கணக்குக்கு மேல் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடும் அளவு. ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், ஐடிலில் ட்ரிம் 10 சதவீதத்துக்கு மேல் கூடி நின்று, 2,500 ஆர்பிஎம்மில் சாதாரணமாக இறங்கினால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது. பழைய வண்டிகளில் இது மேனிஃபோல்டு கேஸ்கட்டாகவே இருக்கும், அல்லது வெடித்துப்போன வேக்கம் ஹோஸ். ஸ்மோக் டெஸ்ட் எடுத்தால் புகை வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். கேஸ்கட்டும் ஹோஸும் மாற்றிய பிறகு "அண்ணா, வண்டி புதுசு மாதிரி இழுக்குது" என்று திரும்பி வரும் தம்பிகள் மேனிஃபோல்டுப் பேச்சையே விட்டுவிடுவார்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போகும்; இன்டேக் வால்வில் கரி படிந்திருக்கும், பெட்ரோல் அதைக் கழுவாது. அதைச் சுத்தம் செய்தாலே போன பவர் திரும்பும்.

இவ்வளவும் சரியாக இருக்கிறது, ஹெடர்ஸ் (புகை வெளியேறும் தனிக் குழாய்கள்) போட்டாயிற்று, கேம் மாற்றியாயிற்று, வண்டி பெரும்பாலும் டிராக்கில் அல்லது 5,500-க்கு மேல்தான் ஓடுகிறது, ரிமேப் செய்ய ஆள் இருக்கிறார் என்றால் மேனிஃபோல்டு வாங்குங்கள். அப்போது அது கொடுக்கும். 2003-க்கு முந்தைய சிட்டி விடெக், அந்த 1.5 லிட்டர் 106 குதிரை எஞ்சின், இப்படித் தயார் செய்த பிறகு மேலே பாடும் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரிமேப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மேப் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டிகளில் மேனிஃபோல்டு மாறியதும் ஈசியுவின் பழைய கணக்கு தப்பாகிவிடும். பெட்ரோல் குறைந்து லீனாக ஓடினால் பிஸ்டன் உருகும். மேனிஃபோல்டு, வரி, கேஸ்கட், டியூன் எல்லாம் சேர்ந்துதான் உங்கள் பட்ஜெட்.

இன்னொரு விஷயம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாரண்டியும் இன்சூரன்சும் தனிச் சிக்கல். ரோட்டில் ஓடும் வண்டி என்றால் ஆர்டிஓவிலும் இன்சூரன்சிலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஃபிளேஞ்ச், அதாவது ஹெட்டோடு ஒட்டும் தட்டையான முகம். ஆன்லைனில் மலிவாக வரும் காப்பிகளில் வெல்டிங் சூட்டில் அது வளைந்திருக்கும். சமீபத்தில் ஒரு தம்பி கொண்டுவந்ததைப் பார்த்தேன். வெளியில் பாலிஷ் கண்ணாடி மாதிரி. ஸ்டீல் ஸ்ட்ரெயிட் எட்ஜை ஃபிளேஞ்ச் மேல் நிற்கவைத்து, பின்னால் செல்போன் டார்ச் அடித்தோம். இரண்டாவது போர்ட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.30 மி.மீ. தகடு இழுக்காமலே நுழைந்தது. 0.10-க்கு மேல் போனால் நான் போல்ட் போடமாட்டேன். இறுக்கி இறுக்கிச் சமன் செய்யப் பார்த்தால் ஹெட்டின் மரைதான் போகும். ராணிப்பேட்டையில் மில்லிங் போடும் பட்டறைகளில் கொடுத்தால் முகத்தைச் சீவித் தருவார்கள்.

அடுத்து போர்ட் பொருத்தம். கேஸ்கட்டை ஹெட்டில் வைத்து மார்க் செய்யுங்கள், அதே கேஸ்கட்டை மேனிஃபோல்டில் வைத்தும் மார்க் செய்யுங்கள். காற்று போகும் திசையில் படி நிற்கக் கூடாது. மேனிஃபோல்டு போர்ட் ஹெட் போர்ட்டை விட ஒரு மயிரிழை சிறியதாக இருக்கலாம். பெரியதாக இருந்தால் காற்று ஹெட்டின் விளிம்பில் போய் முட்டும்.

மாற்றும் நாளில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஃப்யூல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி ஸ்டார்ட் அடித்து லைன் அழுத்தத்தை இறக்குங்கள், பிறகு பேட்டரி நெகட்டிவை எடுங்கள். திராட்டில் பாடிக்குக் கூலன்ட் போகும் வண்டியில் கொஞ்சம் கூலன்டை வடித்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள், ஒவ்வொரு ஹோஸிலும் டேப் ஒட்டி எழுதுங்கள். பழைய மேனிஃபோல்டு வெளியே வந்த அடுத்த நொடி ஹெட்டின் போர்ட்டுகளைச் சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு நட்டோ வாஷரோ உள்ளே விழுந்து தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் வால்வும் பிஸ்டனும் காலி. பழைய கேஸ்கட்டைச் சுரண்டப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்தான், அலுமினியம் ஹெட்டில் பிளேடு வேண்டாம். இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட்டு லேசாக எண்ணெய் தடவி உட்காரவையுங்கள்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். டார்க் ரென்ச் இல்லாமல் செய்யாதீர்கள். அலுமினியம் ஹெட்டில் எட்டு மில்லி போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவில் வரும், ஆனால் உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் செல்லும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸைக் கையால் இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். அது கழன்றால் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

சாவியை ஆன் செய்து பம்ப் ஓடவிட்டு பெட்ரோல் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடில் நிலைக்கட்டும், ட்ரிம் பாருங்கள், பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். டைனோ போடுவதானால் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் போடுங்கள். ஒன்றைச் சென்னையிலும் மற்றொன்றைப் பெங்களூரிலும் போட்டால் ஒப்பிடவே முடியாது. தாளில் உச்சி எண்ணைப் பார்க்கும் முன் 2,500 முதல் 4,500 வரை இரண்டு கோடுகளும் எப்படிப் போகின்றன என்று பாருங்கள்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்து, ஸ்பார்க் பிளக்கை எல்லாச் சிலிண்டரிலிருந்தும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விட வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டர் லீனாக ஓடுகிறது. டியூனரிடம் போகும்வரை ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள். கழற்றிய ஒரிஜினல் மேனிஃபோல்டை விற்க வேண்டாம். போல்ட், சென்சார், பிராக்கெட் எல்லாவற்றையும் ஒரு கவரில் கட்டி, போர்ட்டுகளை டேப் ஒட்டி மூடி பரணில் வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.